சிவலை துரத்தாத பெட்டை

மிருக டாக்டர் செவெல்மாவின் அங்கிகளுக்கெல்லாம் வலது கை மட்டும் தனியாகக் கழன்று வரும். தோளைச் சுற்றி வரிசையாகப் பித்தான் வைத்து அவளே தைத்துக்கொண்டது. குதிரைக்குள் கைவிட வேண்டிய நேரம் வந்தால் பித்தான்களை அவிழ்த்துச் சட்டைக்கையைக் கழற்றி இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்வாள். பிறகு தோள்வரை எண்ணெய் பூசிக்கொண்டு, "வாடி கண்ணு, உள்ள என்ன வச்சிருக்கன்னு பாப்போம்" என்று ஆரம்பிப்பாள். தூரத்து மேட்டில் ஒரு கையில் சட்டையில்லாமல் மோட்டார் சைக்கிளில் ஓர் உருவம் வந்தால், யார் வருகிறார்கள் என்று எங்கள் தாமிர் ஆற்றுப் பக்கம் யாரும் கேட்டதில்லை. உலையில் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள்.

கூட்டுப்பண்ணை கலைந்தபோது சம்பளம் நின்றது. கூட வேலை பார்த்த மிருக டாக்டர்கள் தலைநகரத்துக்குப் போய்ச் சந்தையில் சீனத்துச் செருப்பு விற்றார்கள். "நீயும் வா" என்று இவளையும் கூப்பிட்டார்கள். "செருப்புக்கு நாடி பாக்க எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள். கூலியாக ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்தாலும் சரி, ஒரு பை காய்ந்த தயிர்க்கட்டி கொடுத்தாலும் சரி. ஒன்றும் கொடுக்காதவன் வீட்டுக்கும் போவாள். ஆனால் அவனை அடுத்த வீட்டில் வைத்துக் கிழிகிழியென்று கிழிப்பாள். வாய் அப்படி. மனசு அப்படி இல்லை.

அவளை உதைக்காத பெட்டைக் குதிரை எங்கள் பக்கத்தில் உண்டா என்பதே சந்தேகம். எங்கள் குதிரைகள் மேட்டுவெளியில் தாமாகத் திரிகிறவை, மனிதன் கை பட்டாலே சீறுகிறவை. விலா எலும்பு உடைந்து படுத்திருந்தபோது பார்க்கப் போனவர்களிடம், "நல்ல கால் அது, எலும்புல நல்ல பலம்" என்று உதைத்த குதிரையைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். இப்படி ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்!

அந்தப் பெரிய சாவு வந்ததே, பனி இறுகிப் புல்லை மூடி, நின்ற நிலையில் மந்தை மந்தையாகச் செத்த குளிர்காலம், அப்போது ஊரே கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தது. இவள் மட்டும் செத்த சினைக்குதிரைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக்கொண்டு அலைந்தாள். எது பட்டினியில் செத்தது, எது நோயில் செத்தது என்று தெரிந்தால்தானே மிச்சத்தைக் காப்பாற்றலாம்? அப்போதுதான் ஒரு விஷயத்தைத் தன் கண்ணால் கண்டாள். வயிற்றுக்குள் இருந்த பெட்டைக்குட்டியின் சூலகம் தாயின் சூலகத்தைவிடப் பெரிதாக இருந்தது. படிப்பில் கேட்டதுதான். பிறப்பதற்குள் அது சுருங்கிவிடும், பிறகு பருவம் வரும்வரை தூங்கும். ஆனாலும் பனியில் மண்டியிட்டு அதைக் கையில் ஏந்தியபோது அவளுக்குத் தாங்கவில்லை. "இது வாழ்நாள் பூரா ஈனப்போற குட்டிக்கெல்லாம் முட்டை இப்பவே இதுக்குள்ள இருக்கு. அத்தனையும் சேர்ந்து செத்துப்போச்சே" என்று வாய்விட்டு அழுதாளாம். கணவாய்க்கு அந்தப்பக்கத்து மந்தைக்காரன் பல்தான் பார்த்திருக்கிறான், அவன்தான் சொன்னான்.

அந்தச் சாவில் தம்தின் வீட்டுக்குப் பெரிய அடி. தம்தின் மந்தைக்காரன், பிடிவாதக்காரன், மூக்குக்கு மேல் கோபம். அவன் மனைவி யஞ்சிமா வாய் திறக்காதவள். கல்யாணத்தில் அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த பெட்டைக் குதிரைகள் பெருகி ஒரு காலத்தில் மந்தையில் பாதி அவளுடையதாக இருந்தது. பனி அவற்றையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. கடைசியாக மிஞ்சிய ஒரு பெட்டையும் வசந்தத் தொடக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குட்டியை ஈன்றுவிட்டுக் கண்ணை மூடியது. யஞ்சிமா அந்தக் குட்டியைத் தன் அங்கிக்குள் பொதிந்து கூடாரத்துக்குள் கொண்டுவந்தாள். பசும்பால் கொடுத்தாள், அடுப்போரம் படுக்க வைத்தாள். சாம்பல் என்றே அதற்குப் பேராயிற்று, ஆட்டுக்குட்டிகளோடு சேர்ந்து வளர்ந்தது. பெரிய குதிரையானபிறகுகூட வாசலில் தலையை நீட்டிப் பால்தேநீர் கேட்கும். வேறு வழியில்லாமல் அதை மந்தையில் கொண்டுபோய் விட்டது அதன் இரண்டாவது இலையுதிர் காலத்தில்தான்.

சாம்பல் குட்டி போட்டால்தான் யஞ்சிமாவின் சீதனம் நிலைக்கும். போடாவிட்டால் அந்த மந்தையில் அவளுடையது என்று சொல்ல ஒரு குளம்புகூட இருக்காது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சாம்பலின் மூன்றாம் கோடை தொடங்கியது. தம்தினின் பொலிகுதிரை சிவலை வழக்கம்போலத் தன் மகள்களைத் துரத்த ஆரம்பித்தான். எங்கள் பொலிகுதிரைகளின் குணம் அது. தன் கண் முன்னால் வளர்ந்த பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் கடித்து உதைத்து மந்தையைவிட்டே ஓட்டிவிடுவான். மகளைத் தொட மாட்டான். ஓட்டப்பட்டது அக்கம்பக்கத்து மந்தையில் போய்ச் சேரும். துரத்தப்பட்ட பெட்டைக்கு ரத்தம் வழியும், வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். பெட்டை சமைந்துவிட்டாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி எங்களுக்கு வேண்டாம்.

சாம்பல் பிறந்த அதே வசந்தத்தில் பிறந்த மற்றப் பெட்டைகள் எல்லாம் கடிபட்டு ஓடின. சாம்பலும் சிவலையின் மகள்தான், ஆனால் அவளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

யஞ்சிமா ஆள் அனுப்பினாள். செவெல்மா வந்தாள், கையைவிட்டுப் பார்த்தாள். இரண்டு சூலகமும் சின்னஞ்சிறு தயிர்க்கட்டி மாதிரி கெட்டியாக, அசையாமல் கிடந்தன.

"தூங்குது யஞ்சிமா. பட்டினி வருஷத்துல பொறந்தது, தாய்ப்பால் கெடைக்கல, ஒடம்புல சதை புடிக்கவே இத்தன நாளாச்சு. ஒடம்பு தேறாம முட்டை எந்திரிக்காது."

"எந்திரிக்குமாக்கா?"

"புல்லு நல்லா இருக்கு இந்த வருஷம். எந்திரிச்சாலும் எந்திரிக்கும். என்னை ஏன் கேக்குற, ஒங்க சிவலை இருக்கானே. அவன் துரத்துனா சரி. கோடை முடியிற வரைக்கும் துரத்தலைன்னா…" செவெல்மா கையைத் துடைத்துக்கொண்டே தோளைக் குலுக்கினாள்.

தம்தினுக்கு அவ்வளவு போதும். சிவலை பேச்சே கடைசிப் பேச்சு என்று டாக்டரே சொல்லியாயிற்று. குட்டி போடாத பெட்டை கொழுக்கும், கொழுத்தது குளிர்கால இறைச்சிக்குப் போகும். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே.

கோடை தேய்ந்தது. மலையடிவாரத்துப் புல் மஞ்சளாகத் தொடங்கிய ஒரு நாள் செவெல்மா கணவாய்க்கு அந்தப்பக்கம் பல்தான் வீட்டில் ஆடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் புளித்த குதிரைப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். பல்தான் வாயாடி, எந்நேரமும் சிரிப்பு. தம்தின் வீட்டிலிருந்து ஓடிவந்த பெட்டைகள் தன் மந்தையில் சேர்ந்த கதையைச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"அந்தாளு பெட்டையெல்லாம் என் வீட்டுக்கு மருமகளா வந்துருச்சுக்கா. தம்தின் அண்ணன் மூஞ்சிய பாக்கணுமே!"

"ஒன் பெட்டைங்க எங்கடா போச்சு?"

"எங்கயும் போவல. என் பொலிதான் யாரையும் துரத்தலையே."

"ஏன், அவனுக்கு என்ன கேடு?"

"போன வருஷம்தானக்கா அவனை வாங்கியாந்தேன்! இதுங்க வளர்ந்ததை அவன் பாத்தானா? யாரு மக, யாரு மருமகன்னு அவனுக்கென்ன தெரியும்? பாக்குறதெல்லாம் பொண்டாட்டிதான்." சொல்லிவிட்டுப் பல்தான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

செவெல்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள்.

"கண் முன்னால வளரலைன்னா துரத்த மாட்டான்," என்றாள் மெதுவாக.

"அதத்தானே சொல்றேன்."

"அட, நான் ஒரு மடச்சி!" கிண்ணத்தைத் தரையில் வைத்த வேகத்தில் பால் சிந்தியது. "சாம்பல் கூடாரத்துக்குள்ள வளர்ந்தவடா! சிவலை அவளைக் குட்டியா பாத்ததே இல்ல. அவன் எப்படித் துரத்துவான்? அவன்கிட்டப் போயி நான் தீர்ப்புக் கேக்கச் சொல்லிட்டு வந்திருக்கேனே!"

பல்தானின் சிரிப்பு நின்றது. "அக்கா, இறைச்சி லாரி இன்னிக்குத் தம்தின் அண்ணன் வீட்டுக்குத்தான் போகுது. காலையில இந்த வழியா போச்சு."

செவெல்மா வெளியே ஓடி மோட்டார் சைக்கிளை உதைத்தாள். அது வழக்கம்போல முரண்டு பிடித்தது. அதற்கும் அதைச் செய்த ருஷ்யர்களுக்கும் சேர்த்து வாயில் வந்தபடி அர்ச்சனை செய்துவிட்டு இன்னொரு உதை விட்டாள். கணவாய் ஏறும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். எத்தனை பெட்டைகளுக்குள் கைவிட்டிருக்கிறாள், எத்தனை சூலகத்தை விரலால் எடைபோட்டிருக்கிறாள்! அந்தக் கையை வைத்துக்கொண்டு, 'இன்னொரு தரம் வந்து பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டாளே.

அவள் போய்ச் சேர்ந்தபோது சாம்பலைக் கட்டுக்கயிற்றில் கட்டியிருந்தார்கள். லாரியின் பின்பலகை இறங்கியிருந்தது. லாரிக்காரரும் தம்தினும் வாசலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். யஞ்சிமா சாம்பலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை, முகம் சாம்பலாகவே இருந்தது.

"தம்தின் அண்ணே, பெட்டையை ஏத்தாதீங்க. நான் இன்னொரு வாட்டி பாக்கணும்."

"ஏம்மா, கோடை ஆரம்பத்துல பாத்தியே, அப்ப கை தூங்கிட்டிருந்துச்சா?" தம்தினுக்கு ஏற்கெனவே உள்ளே நாலு கிண்ணம் போயிருந்தது.

"கை தூங்கல. மூளைதான் தூங்கிருச்சு. தப்பு என்னோடதுண்ணே. சிவலைகிட்டக் கேளுன்னு சொல்லிருக்கக் கூடாது."

லாரிக்காரர் சிரித்தார். "டாக்டரம்மா தப்புன்னு ஒத்துக்கிறாங்கப்பா! நான் பல ஊரு சுத்துறேன், இத எங்கயும் கேட்டதில்ல."

"கேட்டுக்கோங்க, காசு கேக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே செவெல்மா பித்தான்களை அவிழ்த்தாள். "யஞ்சிமா, தலையைப் பிடி. பேசிக்கிட்டே இரு அவகிட்ட."

கையிலே வளர்ந்தது என்பதால் சாம்பல் உதைக்கவில்லை. செவெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருக்கும் நேரம் இது ஒன்றுதான். குடலுக்கு அடியில் விரல்கள் இடது சூலகத்தைத் தேடிப் பிடித்தன. பழைய தயிர்க்கட்டி இல்லை, கொஞ்சம் வளர்ந்திருந்தது. வலதுக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றாள்.

ஆட்டுக்கண் அளவுக்கு ஒரு குமிழ் புடைத்து நின்றது. மெல்ல அழுத்தினாள். அமுங்கியது. தண்ணீர் நிறைந்து, தோல் மெலிந்து, உள்ளே முட்டை முதிர்ந்து, வெளியே வரக் காத்திருந்தது. மற்ற பிராணிகளுக்கு முட்டை சூலகத்தின் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டு வரும். குதிரைக்கு ஒரே ஒரு குழி, ஒரே ஒரு வாசல். குமிழ் அந்த வாசலைப் பார்த்துத்தான் இருந்தது.

"எந்திரிச்சுட்டாடி," என்றாள். "யஞ்சிமா, எந்திரிச்சுட்டா! நாளைக்கோ மறுநாளோ ஒடையும். இதத் தவறவிட்டா குளிர் வந்துரும், மறுபடி தூங்கிப்போயிரும்."

"சும்மா கத விடாத," என்று தம்தின் எழுந்து வந்தான். "பருவத்துக்கு வந்திருந்தா என் சிவலை துரத்தியிருப்பான். அவன் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. நான் லாரிக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"தெரிஞ்சவளத்தானேண்ணே துரத்துவான்? இவ ஒங்க அடுப்போரத்துல வளர்ந்தா. சிவலைக்கு இவ யாரோ எவளோ."

"மக வாசம் அப்பனுக்குத் தெரியாதா? என்னம்மா பேசுற நீ?"

தம்தின் கட்டுக்கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினான். அந்த நேரம் மந்தை தண்ணீருக்கு இறங்கியது. முன்னால் சிவலை. கட்டுக்கயிற்றைத் தாண்டிப் போனவன் சட்டென்று நின்றான். மூக்கைத் தூக்கினான். மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிக் காற்றைக் குடித்தான். பிறகு கழுத்தை வளைத்து, வாலைத் தூக்கி, மாப்பிள்ளை மிடுக்கோடு நேராகச் சாம்பலிடம் வந்தான். சாம்பலும் வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றாள், வெட்கங்கெட்டவள்.

தம்தின் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மகளோடு அப்பன் சேர்ந்த குதிரை எந்த மந்தையில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரன் எங்கள் பக்கம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"அடேய்! அவ ஒன் மகடா! மகடா டேய்!"

கூடாரத்தில் சாய்த்திருந்த, குதிரை பிடிக்கும் சுருக்குக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு தம்தின் ஓடினான். குடித்த கால்கள் ஒன்றையொன்று தடுக்கின. சிவலை ஒருபக்கம் சுற்றினால் இவன் மறுபக்கம் சுற்றினான். "நாயே, அறிவு கெட்டவனே, இத்தன வருஷம் ஒன்ன நம்புனேனே" என்று திட்டித் தீர்த்துக்கொண்டு சாம்பலைச் சுற்றிச் சுற்றி வந்தான். லாரிக்காரருக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. செவெல்மா எண்ணெய்க் கையோடு சிவலையின் குறுக்கே போய் நின்று அவன் மூக்கில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒருவழியாக அவனைத் தண்ணீர்ப்பக்கம் விரட்டிவிட்டுத் தம்தின் மூச்சு வாங்க நின்றான்.

"இப்ப நம்புறீங்களாண்ணே?"

தம்தின் லாரிக்காரரைப் பார்த்தான். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே.

அப்போது பேசியவள் யஞ்சிமா. "அவருக்கு ஒங்க சவாரிக்குதிரை கருப்பனக் குடுங்க. அதுவும் கொழுத்துதான் கெடக்கு." அவள் அதற்குள் ஒரு குதிரைக்குச் சேணம் கட்டியிருந்தாள். "சாம்பல் என் அப்பா குடுத்த சீதனம். பல்தான் வீட்டுப் பொலிகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"பல்தானா! அந்தக் கோணக்கால் குதிரையா என் வீட்டுக்கு…"

"ஒங்க வீட்டுக்கு இல்ல. என் வீட்டுக்கு," என்றாள் யஞ்சிமா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. லாரிக்காரர் கருப்பனை ஏற்றிக்கொண்டு போனார். யஞ்சிமா குதிரைமேல் ஏறிக்கொண்டு, சாம்பலைக் கயிற்றில் நடத்திக்கொண்டு கணவாய் ஏறினாள். அவளுக்குப் பின்னால் செவெல்மா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். சத்தத்தில் பெட்டை மிரண்டுவிடக் கூடாதே என்று வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தாள். இறங்கும்போது முதுகு ஒடிந்தது. ஆனால் பல்தானின் பொலி மேட்டில் நின்று கனைத்ததும், சாம்பல் காதை விறைத்துப் பதில் கனைத்ததும் கேட்டபோது இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மறு கோடையில், மற்ற குட்டிகளெல்லாம் பிறந்து வெகுநாள் கழித்து, சாம்பல் ஈன்றாள். பெட்டைக்குட்டி. பிரசவத்துக்குச் செவெல்மா வரவில்லை, தேவையும் படவில்லை. செய்தி மட்டும் போயிற்று. கேட்டுவிட்டு, "பால் குடிச்சுச்சா?" என்றாளாம். குடித்தது என்றதும் வேறு எதுவும் பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இலையுதிர் காலத்தில் தம்தின் வீட்டில் குட்டிகளுக்கு முத்திரை போடும் நாள். அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது, செவெல்மாவையும் வற்புறுத்தி அழைத்திருந்தார்கள். வறட்டி நெருப்பில் தம்தின் தன் பிறைமுத்திரைக் கம்பியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எடுத்தான். முதலில் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தது சாம்பலின் குட்டியை. கம்பியோடு இரண்டடி வைத்தவன் நின்றான். குட்டியைப் பார்த்தான். திரும்பிப் போய்க் கம்பியை நெருப்பிலேயே வைத்தான்.

"யஞ்சி, ஒங்கப்பா முத்திரை எங்க வச்சிருக்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யஞ்சிமா கூடாரத்துக்குள் போனாள். வெளியே வந்தபோது கம்பளித்துணியில் சுற்றிய ஒரு பழைய இரும்பு அவள் கையில் இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு நெருப்பைப் பார்க்காத இரும்பு. தம்தின் அதை வாங்கித் துரு போகத் தேய்த்து, தானே காய்ச்சி, தானே அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கிக்கொண்டு செவெல்மாவைப் பார்த்தாள். "டாக்டரக்கா, இங்க வா. நீயும் பிடி."

"நான் எதுக்குடி? என் கைதான் இவ அம்மாவ லாரியில ஏத்தப் பாத்துச்சு."

"எறக்குனதும் அந்தக் கைதானே. பிடிக்கா."

இரண்டு கைகளும் சேர்ந்து அழுத்தின. முடி கருகியது. குட்டி துள்ளி எழுந்து கட்டை உதறிக்கொண்டு சாம்பலிடம் ஓடியது. யஞ்சிமா அழுதாள். ஊரையே வாயால் மேய்க்கிற செவெல்மாவும் ஒரு வார்த்தை வராமல் அழுதாள். கம்பியை இருவரும் விடவே இல்லை.

"அழுறதுன்னா அத நெருப்புல வச்சிட்டு அழுங்கம்மா," என்றான் தம்தின். "அடுத்த வருஷமும் அது வேணும்ல."